குறுக்கே வெட்டிய முத்திரை

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் "சரி அண்ணி, சரி அண்ணி" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது. அதனால் காகிதத்தை எடுத்தேன்.

மர வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர் நேற்று வீட்டுக்கு வந்திருந்தார். சங்க மண்டபத்தில் நினைவுச் சுவர் இருக்கிறதே, காலமான மில் முதலாளிகள், டைரக்டர்கள், மேனேஜர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பலகை மாட்டியிருப்பார்களே, அதில் இந்த வருடம் உங்கள் அண்ணனுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்களாம். அவரவர் தொழில் செய்த மரத்தில் ஒரு பலகையைக் குடும்பத்தார் கொடுக்க வேண்டும். பெயரையும் வருடத்தையும் அவர்கள் செதுக்கிக்கொள்வார்கள். விழா முடிந்து வெளிவரும் நினைவு மலரிலும் ஒரு பக்கம் உண்டு. எந்த வயதில் தொழிலுக்கு வந்தார், என்னென்ன பதவி வகித்தார், என்ன நற்காரியம் செய்தார் என்று.

அந்த ஒரு பக்கத்தை எழுத உட்கார்ந்து காகிதம் கிழித்ததுதான் மிச்சம். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மீதியெல்லாம் பொட்டலம் கட்டி வந்த காகிதத்திலும் பக்திப் புத்தகத்திலும் நானாகப் படித்தது. ஆனாலும் கல்யாணமான மாதத்திலிருந்து வீட்டுக் கணக்கை விடாமல் எழுதுகிறவள். வீட்டில் அவர் எப்படி என்று கேட்டால் நோட்டுப் புத்தகம் போதாது. மில்லில் அவர் யார் என்று கேட்டால், காலையில் போனார், சாயங்காலம் சட்டைப் பையில் மரத்தூளோடு வந்தார், அவ்வளவுதான் தெரியும். மரம் அளக்கிற ஆளாகச் சேர்ந்து மேனேஜிங் டைரக்டராக முடிந்தவர். நடுவில் நடந்ததெல்லாம் கூடவே நின்ற உங்களுக்குத்தான் வெளிச்சம். அந்தப் பக்கத்தை நீங்கள் எழுதித் தாருங்கள்.

பலகை விஷயத்தில் உங்களுக்குச் சிரமம் இல்லை. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுக்கப்போகிறேன். அந்த மேசையை நீங்கள் பார்த்ததில்லை. நீங்கள் மில்லை விட்டுப் போன மழைக்காலத்தில்தான் வண்டியில் வைத்து அவரே கொண்டுவந்தார். நல்ல தேக்கு. அதன்மேல் அவருக்கு அப்படியொரு பிரியம். ஈரத்துணி படவிட மாட்டார். "நான் தொடச்சுக்கறேன், நீ விடு" என்று காய்ந்த துணியால் அவரேதான் துடைப்பார். வந்தவர்கள் யாராவது மேசையைப் புகழ்ந்தால் பேச்சை மாற்றிவிடுவார். தற்பெருமை பிடிக்காத மனிதர். சாப்பிடும்போது இடது கை மேசைக்கு அடியில் எதையோ தடவிக்கொண்டே இருக்கும். "சின்னப் பிள்ளையா நீங்க, கைய மேல வைங்க" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கேட்டதில்லை.

அவர் போன பிறகு குனிந்து பெருக்கும்போதுதான் பார்த்தேன். அவர் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே நம் மில்லின் முத்திரை. வட்டத்துக்குள் ரம்பம், அதன் கீழே நட்சத்திரம். யாரோ கை தவறி உளியால் குறுக்கே இழுத்துவிட்டிருக்கிறார்கள், பாவிகள். எண்ணெய் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கியிருக்கிறேன். அந்தப் பக்கம் வெளியே தெரியும்படிதான் மாட்ட வேண்டும் என்று தச்சரிடம் சொல்லிவிட்டேன். மற்றவர்கள் கடையில் வாங்கிக் கொடுத்த பலகைகளுக்கு நடுவே, மில் முத்திரையோடு நம்முடையது ஒன்று இருக்கட்டும்.

உங்கள் இருவருக்கும் என்ன நடந்தது என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. சாமி முன்னால் இரண்டு பேர் பெயரையும் ஒரே மூச்சில்தான் இன்றைக்கும் சொல்கிறேன். மார்ச் முதல் ஞாயிறு விழா. சாவுக்கு வந்தவர் வாசலோடு திரும்பிவிட்டீர்கள். இதற்காவது உள்ளே வாருங்கள்.

அண்ணி


பிப்ரவரி 27

அண்ணிக்கு,

கப்பலில் வந்த மரத்தைப் பார்க்கத் துறைமுகத்தில் கிடந்தேன். உங்கள் கடிதம் இங்கே தூங்கிக்கொண்டிருந்தது.

அண்ணனைப் பற்றிய பக்கத்தை எழுதிவிடுகிறேன். எனக்குப் பழக்கப்பட்ட வேலைதான். நினைவு மலருக்கு என்னிடம் எழுதி வாங்காத மில் குடும்பம் குறைவு. எல்லோரும் சிறு வயதிலேயே தொழிலில் நுழைந்து அயராத உழைப்பால் உயர்ந்தவர்கள். எல்லோரும் தரத்தில் விட்டுக்கொடுக்காதவர்கள். உள்ளே என்ன மரமாக இருந்தால் என்ன, மேலே அடிக்கிற பாலிஷ் ஒன்றுதான்.

ஆனால் அந்த மேசைப் பலகையை அனுப்ப வேண்டாம். வீட்டில் புழங்கிய பொருள் வீட்டிலேயே இருக்கட்டும். என் கிடங்கில் நன்றாகக் காய்ந்த தேக்கு இருக்கிறது. ஒன்றை இழைத்து நானே சங்கத்துக்கு அனுப்பிவிடுகிறேன். தச்சரை இன்றைக்கே நிறுத்துங்கள். கழற்றியிருந்தால் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். முக்கியமாக, முத்திரை இருக்கும் பலகை வேண்டாம். காரணம் கேட்காதீர்கள்.

விழாவுக்கு வரப் பார்க்கிறேன்.

தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

உங்கள் கடிதம் விழா முடிந்த மறுநாள் வந்தது. பலகை அதற்கு முன்பே சுவர் ஏறிவிட்டது. அதைத்தான் நீங்களே பார்த்தீர்களே. கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்ததையும், சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதற்குள் எழுந்து போனதையும் நானும் பார்த்தேன்.

அந்த மண்டபத்துக்குள் நான் போனது இதுவே முதல் தடவை. சுவர் முழுக்க மனிதர்கள் மரமாக நிற்கிறார்கள். சங்கத்தின் முதல் தலைவருக்கு ஈட்டி மரம், கறுத்து மின்னுகிறது. ஆற்றில் கட்டை மிதக்கவிட்டு வியாபாரம் தொடங்கியவருக்குத் தண்ணீர் தின்ற கட்டை. தீக்குச்சிக்கு மரம் கொடுத்தே பெரிய மனிதரானவருக்கு வெளுத்த மெல்லிய பலகை. ஒட்டுப்பலகை கம்பெனி முதலாளிக்கு அவர் குடும்பம் ஒட்டுப்பலகையையே கொடுத்திருக்கிறது. ஒரு மூலையில் ஒட்டு விட்டுப் பிரிந்து நிற்கிறது. "இருந்தப்பவும் இப்படித்தான், யாரோடயும் ஒட்ட மாட்டாரு" என்று பின்னால் யாரோ சொல்ல, எனக்கே சிரிப்பு வந்தது. ஓஹோவென்று வாழ்ந்தவருக்கும் நொடித்துப்போனவருக்கும் அங்கே ஒரே அளவு இடம். அது எனக்குப் பிடித்திருந்தது.

நம் பலகையை மூடிய துணியை விலக்கியதும் மண்டபமே அடங்கிவிட்டது. மூக்கர் என்று சொல்வார்களே, கண்ணை மூடி முகர்ந்தே மரத்தின் பெயரைச் சொல்லும் பழைய மில்காரர், அவர் கிட்டே போய் முகர்ந்தார். முத்திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். என்னிடம் வந்து "நல்ல மனுஷம்மா" என்றார், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு மூச்சு விடாமல் பேசிய தலைவர் நம்மவருக்கு இரண்டு வாக்கியத்தில் முடித்தார். துக்கத்தில் பேச முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தைரியத்தில் நான் மைக்கைப் பிடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. "கள்ளப் பலகை ஒண்ணு அவரு கையால வெளிய போனதில்லீங்க. இது வெறும் பலகை இல்ல, இதுதான் அவரு. நல்லாப் பாத்துக்கோங்க, அவரு எப்படிப்பட்டவருன்னு இதுலயே இருக்கு" என்றேன். யாரும் கை தட்டவில்லை. அப்போதுதான் நீங்கள் எழுந்து போனீர்கள்.

கூடப் பிறந்தவருக்கு ஒரு சாண் சுவரைக் கொடுக்கக்கூட உங்களுக்கு மனசு வரவில்லையா? அவர் வீட்டுப் பலகை வேண்டாம், உங்கள் கிடங்குப் பலகைதான் தொங்க வேண்டுமா? செத்தவரிடம் என்ன போட்டி? சாமி குற்றமாக நினைக்கக் கூடாது, எழுதிவிட்டேன். பதில் எழுதுங்கள். காரணத்தைத்தான் கேட்கிறேன்.

அண்ணி


மார்ச் 17

அண்ணிக்கு,

இன்னும்கூடத் திட்டலாம், வாங்கிக்கொள்கிறேன். பொறாமை என்று மட்டும் நினைக்காதீர்கள். இதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அது தேக்கு இல்லை அண்ணி. மாம்பலகை. தேக்கு நிறத்தில் சாயம் ஏற்றியது. தேக்கின் குறுக்குவெட்டில் வளையங்கள் வரி வரியாகத் தெரியும், பழைய தோல் பை மாதிரி ஒரு வாசனை அடிக்கும். மூக்கர் தேடியது அதைத்தான்.

அதுகூடப் பெரிதில்லை. முத்திரை இருக்கிறதே, இந்த மரம் முதல் தரம் என்று மில் கொடுக்கும் வாக்கு அது. சுத்தியலால் ஒரே அடி. விழுந்தது விழுந்ததுதான். தப்பான மரத்தில் விழுந்துவிட்டால், இழைத்துத் தள்ளி மறைக்கிற திருட்டுப் பயல்கள் உண்டு. முறைப்படி என்றால், மில்லின் தலைவர் தன் கையால் உளியை எடுத்து அதன் குறுக்கே ஒரு வெட்டு வெட்ட வேண்டும். நான் கொடுத்த வாக்கு பொய் என்று அர்த்தம். கை தவறி விழுந்த கீறல் இல்லை அது. தொழிலில் இருக்கிற எவனும் தூரத்தில் நின்றே அதைப் படித்துவிடுவான். போதாததற்கு நீங்கள் எண்ணெய் போட்டுத் துலக்கியிருந்தீர்கள்.

மில் தள்ளாடிக்கொண்டிருந்த காலம். ஒரு பள்ளிக்கூட விடுதிக்குச் சாப்பாட்டு மேசைகள் செய்ய ஆர்டர் வந்தது. முதல் தரத் தேக்கு என்று பேச்சு. அண்ணன் மாம்பலகைக்குச் சாயம் ஏற்றி, தானே முத்திரை குத்தி அனுப்பினார். விற்பனை என் பொறுப்பு. ஒன்றும் தெரியாமல் கொண்டுபோய் இறக்கியவன் நான். பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்ததும் சமையல்கார அம்மா ஈரத்துணியால் மேசையைத் துடைத்தார். துணி முழுக்கச் செம்பழுப்பு. "என்ன தம்பி, உங்க தேக்கு குளிச்சா வெளுத்துருமா?" என்று சிரித்தார்.

அந்தத் துணியைக் கொண்டுவந்து, வேலையாட்கள் எல்லோரும் பார்க்க, அண்ணன் முன்னால் எறிந்தேன். "பிள்ளைங்க சாப்பிடற இடத்துலயே கை வச்சுட்டியே. இனிமே உனக்குச் சோறு இறங்காதுடா" என்றேன். அவரை 'டா' போட்டது அன்று ஒரு நாள்தான். அன்றே மில்லை விட்டு இறங்கிவிட்டேன்.

அத்தனை மேசையையும் திரும்ப எடுத்து, அசல் தேக்கில் செய்து கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். திரும்பி வந்ததைக் கொதிகலனில் போட்டு எரித்தார்கள் என்றார்கள். நான் ஊரைக் கூட்டிவிடுவேன் என்ற பயத்தில் செய்தார் என்றே நினைத்தேன், போன மாதம் வரை. ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனார் என்பது உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது.

அன்று கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுப் போனையும் எடுத்தேன். நீங்கள் "யாரு?" என்றீர்கள். உங்கள் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டேன்.

இப்போதும் ஒன்றும் குடி முழுகவில்லை. தேக்குப் பலகை இழைத்துத் தயாராக இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லுங்கள், போய் மாற்றிவிட்டு வருகிறேன்.

தம்பி


மார்ச் 25

தம்பிக்கு,

உங்கள் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். எடுத்துப் படிக்கக் கூசுகிறது. கிழிக்கவும் கை வரவில்லை.

முதலில் நம்பவில்லை. துணியை நனைத்து, மேசையில் மீதி இருக்கும் பலகைகளை அழுத்தித் துடைத்தேன். இத்தனை காலத்துக்குப் பிறகு பெரிதாக என்ன வரும். துணியின் ஓரத்தில் டீக்கறை மாதிரி கொஞ்சம் வந்தது. எனக்கு அது போதும்.

வண்டியிலிருந்து இறக்கும்போது "தேக்கா?" என்று நான்தான் கேட்டேன். "ம்" என்றார். அந்த ஒரு 'ம்'மை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேக்கு தேக்கு என்று சொல்லியிருக்கிறேன். தர்மம், நியாயம் என்று பக்கத்து வீட்டுப் பெண்களுக்குப் புத்தி வேறு சொல்லியிருக்கிறேன். பிறத்தியார் புருஷன்களைப் பற்றிப் பேச்சு வந்தால், வாயைத் திறக்காமலே 'என் வீட்டுக்காரர் அப்படி இல்லை' என்று உட்கார்ந்திருப்பேன். அது எவ்வளவு பெரிய சத்தம் என்று இப்போது தெரிகிறது.

நேற்று செயலாளரின் மனைவி தெருவில் வந்தார். கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன், என் வீட்டிலேயே. விளக்கேற்றினேன். கும்பிடக் கை சேரவில்லை. அவர் செய்ததற்கு வெட்கமா, நான் மைக்கில் பேசியதற்கு வெட்கமா என்று பிரித்துப் பார்த்தேன். எழுதவே நாணமாக இருக்கிறது தம்பி, இரண்டாவதுதான் அதிகம். பிள்ளைகள் சாப்பிடும் மேசையை விட என் முகம் எனக்குப் பெரிதாகப் போய்விட்டது.

உங்களைப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். வயதில் பெரியவள், கேட்கக் கூடாது என்பார்கள். கேட்கிறேன்.

மாற்றிவிடுங்கள். யாரிடமும் சொல்லாமல் மாற்றிவிடுங்கள். அந்தப் பலகையை என் கண்ணில் காட்ட வேண்டாம். எரித்துவிடுங்கள்.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

பலகையை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். மாற்றவில்லை. திட்டுவதற்கு முன்னால் மீதியையும் படித்துவிடுங்கள்.

மூக்கர் அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார். "மாத்த வந்தியா? கமிட்டியே உனக்கு முந்திக்கிச்சு. முத்திரை சுவத்தப் பாக்கற மாதிரி திருப்பி மாட்டணுமாம், அண்ணிகிட்ட சம்மதம் கேக்கப் போறாங்க" என்றார். எதற்கு என்று கேட்டேன். "பயம்தான். எல்லாப் பலகையையும் திருப்பிக் காட்டுன்னு நாளைக்கு எவனாவது கேட்டுட்டான்னா?" என்று தன் அப்பாவின் பலகையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "முத்திரைய இழைச்சவனப் பாத்திருக்கேன். எரிச்சவனப் பாத்திருக்கேன். தானே வெட்டி, வெட்டினதப் பத்திரமா வச்சிருந்தவன இப்பத்தான்யா பாக்கறேன்."

பெரியவர் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டு ஏணியில் ஏறினேன். ஆணியை நெம்புவதற்காகப் பலகையைப் பிடித்தபோது விரல் அந்த வெட்டில் பட்டது. உளி வெட்டு என்றால் விளிம்பு கூராக இருக்க வேண்டும் அண்ணி. எத்தனை வருடமானாலும் நகத்தில் மாட்டும். இது கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. எந்த உளியாலும் அப்படிச் செய்ய முடியாது. உப்புத்தாளாலும் முடியாது. விரல் தேய்ந்து தேய்ந்து ஆன வழவழப்பு. அவருடைய இடது கை எப்போதும் மேசைக்கு அடியில் இருக்கும் என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள்.

சோறு இறங்காது என்று நான் சொல்லிவிட்டு வந்தேன். அவர் அதன் முன்னால்தான் தினமும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். நான் போய்ப் பார்த்திருந்தால் ஒரு வேளை எனக்கும் இலையோ தட்டோ அதே மேசையில்தான் போட்டிருப்பார். ஒரு தடவை போகவில்லை. சாவுக்கு வந்தபோது வாசலில் நின்று, பெரிய நீதிமான் மாதிரி திரும்பி வந்தேன்.

நினைவு மலருக்கு எழுதியதைக் கிழித்துவிட்டேன். 'அயராத உழைப்பால்' வரைக்கும்தான் வந்திருந்தது. பலகை உங்களுடையது, முடிவும் உங்களுடையது. மாற்று என்றால் மாற்றுகிறேன். திருப்பு என்றால் திருப்புகிறேன்.

தம்பி


ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். "சும்மா ஒரு அழகுக்காகத் திருப்பி மாட்டலாமாம்மா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார்கள். அழகுக்காக என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு வேர்த்தது. எனக்கும்தான்.

ஏன் என்று உங்களுக்காவது சொல்ல வேண்டும். வீட்டுக் கணக்கில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன், யாரும் சொல்லித் தந்ததில்லை. தப்பாக எழுதினால் அழிக்க மாட்டேன், சுரண்ட மாட்டேன். குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுவேன். எது தப்பாக இருந்தது என்று கோட்டுக்கு அடியில் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். அழித்த கணக்கை நம்ப முடியாது, அடித்த கணக்கை நம்பலாம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நோட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. நான் காகிதத்தில் செய்ததை அவர் மரத்தில் செய்திருக்கிறார். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே காரியத்தைச் செய்துகொண்டு, ஒருவரையொருவர் கேட்காமலே இருந்திருக்கிறோம். என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லும்படி நான் உட்கார்ந்திருக்கவில்லை போலிருக்கிறது.

மேசை வந்த மாதத்துக் கணக்கை எடுத்தேன். 'சாப்பாட்டு மேசை, தேக்கு' என்று எழுதியிருந்தேன். தேக்கின் குறுக்கே கோடு போட்டு, மா என்று எழுதினேன்.

வெட்கம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அது அப்படியே இருக்கிறது. அந்தச் சுவருக்கு முன்னால் நாலு பேர் நிற்கும்போதெல்லாம் எனக்கு இங்கே காது சூடாகும். அந்த விடுதிப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்க இனி வழியும் இல்லை. சாமியிடம் சொன்னேன். அதைப் போக்கு என்று கேட்கவில்லை, தாங்குகிறேன் என்று சொன்னேன். கை சேர்ந்தது.

நினைவு மலருக்கு நானே எழுதி அனுப்பிவிட்டேன். மரம் அளக்க வந்தார், மில்லை நடத்தினார் என்று ஆரம்பித்தேன். நற்காரியம் என்ற இடத்தில், 'ஒரு முறை பொய்யான மரத்துக்கு முத்திரை குத்தினார். அதைத் தன் கையாலேயே வெட்டினார்' என்று எழுதினேன். செயலாளர் போனில் கூப்பிட்டு, "இத எந்தத் தலைப்புலம்மா போடறது?" என்றார். அதே தலைப்பில் போடுங்கள் என்றேன். மைக்கில் நான் பேசியதில் முதல் வரி பொய். அதன்மேல் இதுதான் நான் போட்ட கோடு. இரண்டாவது வரியை அடிக்க வேண்டியதில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று அந்தப் பலகையில்தான் இருக்கிறது.

மேசையில் அந்தப் பலகை இருந்த இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. எதை வைத்தாலும் சரிகிறது. ஒதுங்கி ஓரத்தில் வைத்துச் சாப்பிடுகிறேன். உங்கள் அண்ணன் பக்கத்து நாற்காலி ஒன்று எப்போதும் காலிதான். அது யாருக்கு என்று அவரைக் கேட்டதில்லை, இப்போது புரிகிறது.

நீங்கள் இழைத்து வைத்திருக்கும் தேக்குப் பலகையைக் கொண்டு வாருங்கள். சுவருக்கு இல்லை. அகலத்தை நூல் வைத்து அளந்து இத்துடன் நூலையே வைத்திருக்கிறேன், வெட்டிக்கொள்ளுங்கள். மற்றதோடு நிறம் சேராது, தெரியும். சாயம் மட்டும் பூச வேண்டாம்.

வந்து நீங்களே மாட்டிவிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

அண்ணி